அந்த நாலு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்கள். உங்களுக்கு 23 வயது. உங்கள் துறையில் நீங்கள்தான் நம்பர் ஒன். அடுத்த வருஷச் சம்பளத்தைப் பேசி முடிக்க காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ரேடியோவில் போர்ச் செய்தி வருகிறது.

பாப் ஃபெல்லருக்கு இதுதான் நடந்தது. தேதி 1941 டிசம்பர் 7. அமெரிக்காவில் அயோவா மாகாணத்து விவசாயி வீட்டுப் பையன், கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர். நம்ம கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் களமிறங்கி, 23 நிறைவதற்குள் 107 வெற்றி. சிகாகோ போகும் வழியில் பேர்ல் ஹார்பர் தாக்குதலைக் கேள்விப்பட்டார். இரண்டே நாளில் கடற்படையில் சேர்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் போக வேண்டிய கட்டாயமே இல்லை. அப்பாவுக்குப் புற்றுநோய், குடும்பம் இவர் சம்பாத்தியத்தில் ஓடுகிறது என்பதால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு இருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் "வேணாம் தம்பி" என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

யுஎஸ்எஸ் அலபாமா போர்க்கப்பலில் விமான எதிர்ப்பு பீரங்கிக் குழு ஒன்றுக்குத் தலைவரானார். 1942, 43, 44 என்று மூன்று சீசன் முழுசாப் போச்சு, 1945லும் பெரும்பகுதி. 1943 ஜனவரியில் அப்பாவும் இறந்துவிட்டார்.

இங்கேதான் ரசிகர்கள் கால்குலேட்டரை எடுப்பார்கள். போருக்கு முந்தைய மூன்று சீசனில் 24, 27, 25 வெற்றி. சராசரி 25, நாலு வருஷத்துக்கு 100. கடைசியில் அவர் எடுத்தது 266, அப்போ 366 வந்திருக்கணும் இல்லையா?

ஒரு ஆடிட்டராக இந்த என்ட்ரியை நான் பாஸ் பண்ண மாட்டேன். அந்த நாலு வருஷத்தில் கை பிசகியிருந்தால்? நஷ்டம் நிஜம், ஆனால் தொகை கற்பனை. குழந்தைக்காக மூணு வருஷம் வேலையை விட்டவர், அப்பா சிகிச்சைக்காக ஊர் திரும்பியவர் என்று பலர் இதே கணக்கோடு என்னிடம் வருகிறார்கள். "என் பேட்ச்மேட் இப்போ எவ்வளவு வாங்குறான் தெரியுமா சார்?" எக்செல் ஷீட்டே போட்டிருப்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் எஃப் அண்ட் ஓ பற்றித்தான் இருக்கும். விட்டதை ஒரே வருஷத்தில் பிடிக்கணுமாம்!

ஃபெல்லர் என்ன செய்தார்? கப்பலிலேயே ஓடினார், மேல்தளத்தில் பந்து எறிந்து கையைப் பழக்கத்தில் வைத்துக்கொண்டார். 1945 ஆகஸ்ட் 24 அன்று திரும்பி வந்த முதல் மேட்சிலேயே வெற்றி, 12 பேர் ஸ்ட்ரைக் அவுட். 1946ல் 26 வெற்றி, 348 ஸ்ட்ரைக் அவுட்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அன்றைய விதிப்படி வீரர் இஷ்டத்துக்கு அணி மாற முடியாது, ஆஃபர் லெட்டரைக் காட்டி சம்பளம் ஏற்றும் வித்தையெல்லாம் நடக்காது. ஆனால் அவர் பந்து எறிந்தால் கூட்டம் வரும். அதனால் அடிப்படைச் சம்பளத்தோடு, டிக்கெட் விற்பனையைப் பொறுத்து போனஸ் என்று ஒப்பந்தம் போட்டார். சீசன் முடிந்ததும் கறுப்பின வீரர்களின் நட்சத்திரம் சாட்செல் பெய்ஜின் அணியோடு ஊர் ஊராகக் காட்சிப் போட்டிகள். பயணத்துக்கு வாடகை விமானங்கள். இதையெல்லாம் நிர்வகிக்க ரோ-ஃபெல் என்று தன் பெயரில் ஒரு கம்பெனியே பதிவு செய்தார். அப்போது அங்கே தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல். கம்பெனி ஏன் என்று புரிகிறதா?

ஆனால் ஒன்று. 1946ல் அவர் எறிந்தது 371 இன்னிங்ஸ், அதற்கு மேல் காட்சிப் போட்டிகள். அடுத்த வருஷம் ஸ்ட்ரைக் அவுட் 196. நடுவில் மைதானத்தில் வழுக்கி அடிபட்டதும் காரணம்தான். ஆனாலும், நாலு வருஷத்தையும் ஒரே வருஷத்தில் வசூலிக்கப் பார்த்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பழைய வேகம் அப்புறம் திரும்பவில்லை. ஆனால் 1956 வரை ஆடினார்.

அந்த 1956ல்தான் பேஸ்பால் வீரர்கள் சங்கத்தின் முதல் தலைவரும் ஆனார். அவர்கள் அப்போது பேசிய முக்கியமான விஷயம் பென்ஷன். அதற்குத் தனி வீடியோ வேண்டும். இப்போதைக்கு உங்கள் இபிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, வேலையில் இடைவெளி விழுந்த மாதங்கள் எவை என்று மட்டும் பார்த்து வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.