கதவு திறந்த பிறகு

ஒரு லாட்ஜ் அறையின் கதவைத் தட்டித் திறக்க வைக்கப் பத்து நிமிடம் போதும். கையில் நல்ல துப்பு, நாலைந்து போலீசார், கூடவே பெண் காவலர்கள், வாசலில் ஒரு ஜீப். மறுநாள் காலைப் பத்திரிகையில் 'விபசாரக் கும்பல் சிக்கியது, பெண்கள் மீட்பு' என்று கட்டம் கட்டிச் செய்தி வரும். காபி ஆறுவதற்குள் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்த அறையில் இருந்த பெண்ணுக்கு அப்போதுதான் எல்லாமே ஆரம்பிக்கிறது. அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள்? அவள் பேசும் பாஷை அந்த ஸ்டேஷனில் யாருக்காவது தெரியுமா? 'புருஷன்' என்று சொல்லிக்கொண்டு காலையில் ஒருவன் வந்து நின்றால், அவன் நிஜமாகவே புருஷனா என்று யார் பார்ப்பது? மூன்று வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது அவளைத் தேடிப்பிடித்து, தைரியம் சொல்லிக் கூட்டிவருவது யார்?

மைசூரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியவர்களில் முன்வரிசையில் இருப்பது 'ஒடனாடி' என்ற அமைப்பு. ஸ்டான்லி, பரசுராம் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் சேர்ந்து தொடங்கியது. பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்கள், செய்தி எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள மனமில்லாமல் வேலையையே மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஊரின் மேற்கு ஓரத்தில், ஹூட்டகள்ளி பக்கம், மீட்கப்பட்ட பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் அவர்களுடைய இல்லம் இருக்கிறது. கன்னடத்தில் ஒடனாடி என்றால் கூடவே இருக்கும் தோழமை. நம் காதில் அந்தச் சொல்லுக்குள் 'உடன்' என்பது தெளிவாகவே கேட்கிறது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைத்துவிட முடியாது.

தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்குப் போலீஸ் ரெய்டில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சட்டமே அவர்களைக் கூப்பிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1956-ல் வந்த ஒழுக்கக்கேடான ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தை 1986-ல் திருத்தியபோது முக்கியமான சில வரிகளைச் சேர்த்தார்கள். சோதனைக்குப் போகும் சிறப்புக் காவல் அதிகாரியுடன் குறைந்தது இரண்டு பெண் போலீசார் இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணைப் பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும். அவர் இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட நல அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முன்னிலையில்தான் விசாரிக்கலாம். சிறப்பு அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல, அந்தப் பகுதியின் சமூகநலப் பணியாளர்கள் ஐந்து பேர் வரை கொண்ட குழுவை அமைக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

17-ஏ என்று இன்னொரு பிரிவு. அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டிய பிரிவு இது. மீட்கப்பட்ட பெண்ணைப் பெற்றோரிடமோ, பாதுகாவலரிடமோ, கணவரிடமோ ஒப்படைக்கும் முன்பு, அவர்கள் உண்மையானவர்கள்தானா, அவளை வைத்துக் காப்பாற்றக்கூடியவர்களா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள இது வழிசெய்கிறது. அதற்கான விசாரணையை நல அமைப்பு ஒன்றைக் கொண்டு செய்ய வேண்டும். கணவரையும் சேர்த்து எழுதினார்களே, அந்தக் கை ஊர் நடப்பு தெரிந்த கை. பெண்ணை விற்றவன் பல சமயம் தாலி கட்டியவனாகவோ மாமனாகவோ இருக்கிறான். ஸ்டேஷன் வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்பவனும் அவனாக இருக்கலாம்.

ஆக, ஒடனாடி போன்ற அமைப்பு ஜீப்பில் ஏறுவது போலீஸ் காட்டும் சலுகை இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு அது.

நடைமுறையில் வேலை எப்படிப் பிரிகிறது? துப்பு பெரும்பாலும் அமைப்பின் பக்கமிருந்து வரும். முன்பு மீட்கப்பட்ட பெண் சொல்லும் ஒரு பெயர், ஆட்டோ ஓட்டுநர் சொல்லும் ஒரு தெரு, பஸ் ஸ்டாண்டில் திகைத்து நிற்கும் ஒரு சிறுமி. தசராவுக்கும் கோடை விடுமுறைக்கும் ஜனம் வந்து குவியும் ஊர் மைசூர். பெங்களூரிலிருந்து நூற்றி நாற்பது கிலோமீட்டர்தான். தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி இங்கே கிடையாது. லாட்ஜ், வாடகை வீடு, சாலையோரம் என்று தொழில் சிதறிக்கிடக்கிறது. ரோந்து போகும் போலீசின் கண்ணுக்கு அது சுலபத்தில் தென்படாது. தெருவோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கதவைத் தட்டும் அதிகாரம், கைதுசெய்யும் அதிகாரம், வழக்குப் பதியும் அதிகாரம் எல்லாம் போலீசிடம் மட்டுமே. ஒருவரிடம் கண், இன்னொருவரிடம் கை.

இரண்டுக்கும் நடுவே ஒரு சங்கடமும் உண்டு. ஜீப் கிளம்பும் முன்பே துப்பு கசிந்துவிட்டால், போய்ச் சேரும்போது அறை காலியாக இருக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் நாடு முழுக்கச் சொல்லும் மனக்குறை இது. அதனால் எந்த அதிகாரியை நம்பிச் சொல்வது என்பதே பாதி வேலை. கசியவிடாத ஓர் அதிகாரி கிடைத்தால் அவரை விடக்கூடாது என்று நினைப்பார்கள். இரண்டே வருடத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடும்.

அந்த முதல் இரவைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும்.

மீட்கப்பட்டவள் நன்றி சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. அவள் கோபமாக இருப்பாள். பொய்ப் பெயர் சொல்வாள். வயது கேட்டால் 'இருபத்தொன்று' என்பாள், ஒப்பித்து வைத்ததுபோல. நிஜமாகவே ஒப்பிக்க வைத்திருப்பார்கள். என் போனைக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். போலீஸ் பிடித்தால் உன்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்று மாதக்கணக்கில் சொல்லி வைத்திருப்பார்கள் இல்லையா? காக்கியைப் பார்த்ததும் அந்தப் பயம்தான் முதலில் எழும். அந்த நேரத்தில் சாதாரணச் சேலையில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேள்வி எதுவும் கேட்காமல், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மாற்றுத் துணியும் நாப்கினும் கையில் தந்தால், வாக்குமூலத்தின் தன்மையே மாறிவிடும். விடியும்போது அவள் தன் உண்மையான பெயரைச் சொல்லக்கூடும். ஒரு வாரம் கழித்தும் சொல்லக்கூடும். அவசரப்படுத்தி வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையின் முதல் அடியிலேயே விழுந்துவிடும் என்று அனுபவப்பட்ட இன்ஸ்பெக்டர்களுக்குத் தெரியும்.

குழந்தை என்றால் விதிகள் இன்னும் கறார். போக்சோ சட்டப்படி, வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. பயண நேரம் போக இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன்பு நிறுத்த வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் நிற்பதற்கு 'ஆதரவு நபர்' ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறது. அந்த ஏற்பாடு வெறும் காகிதத்தில் நின்றுவிடக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. ஆதரவு நபராக வரக்கூடியவர்கள் எங்கே கிடைப்பார்கள்? பெரும்பாலும் இப்படிப்பட்ட அமைப்புகளில்தான்.

ஆள்கடத்தல் என்றதும் பாலியல் தொழில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. சட்டம் பார்ப்பது அதைவிட அகலமானது. அரசியலமைப்பின் 23-வது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் சேர்த்தே தடைசெய்கிறது. 2013-ல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவாக இருக்கிறது. அடிமைத்தனம், உறுப்புத் திருட்டு எல்லாம் அதற்குள் வரும். புதிய சட்டம் பிச்சையெடுக்க வைப்பதையும் சேர்த்திருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் நாடு முழுவதும் பதிவான ஆள்கடத்தல் வழக்குகள் 2,189. அவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் 6,533 பேர். 2,877 பேர் குழந்தைகள். நூற்று நாற்பது கோடி ஜனத்தொகையில் இவ்வளவுதானா என்று தோன்றினால், அந்தச் சந்தேகம் நியாயமானது. புகாராக வந்து, அதுவும் ஆள்கடத்தல் என்ற தலைப்பிலேயே பதிவானவை மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட கதையும் இதேதான். கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ் என்ற ஒரு காகிதம் கைக்கு வராவிட்டால் நிவாரணம் இல்லை. 2016-ல் மாற்றியமைக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு மூன்று லட்சம் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் முழுத் தொகையை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிப்போட்டார்கள். வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். மீண்டு வந்தவர் அதுவரை எதைச் சாப்பிடுவார் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர் பழைய சூளைக்கே திரும்பிப் போனால் குற்றம் அவருடையது ஆகாது.

மைசூரில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. இதே ஊரில்தான் 'ஆஷோதயா சமிதி' இருக்கிறது. 2004-ல் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமாக ஆரம்பித்து, பாலியல் தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் சங்கமாக வளர்ந்த அமைப்பு. உலக வங்கியின் 2008-ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்று, அந்தப் பணத்தில் ஊருக்குள் ஒரு ஹோட்டலே திறந்தார்கள். ஒதுக்கி வைத்த ஜனங்கள் அவர்கள் பரிமாறியதைச் சாப்பிட வந்தார்கள். இந்தப் பெண்களுக்கு ஆரம்பத்தில் போலீஸ் என்றால் பாதுகாப்பு இல்லை, பயம். அடி, கைது, வசூல். அதனால் அவர்கள் முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று போலீசாரோடு உட்கார்ந்து பேசுவது, யாராவது பிடிபட்டால் உடனே ஸ்டேஷனுக்கு ஓடுவது.

விரும்பியோ வேறு வழியில்லாமலோ தொழிலில் இருக்கும் வயதுவந்த பெண்ணை 'மீட்கிறோம்' என்று இழுத்துப்போய் இல்லத்தில் அடைத்தால், அவளுக்கு அது இன்னொரு சிறை. இந்தியா முழுக்கப் பாலியல் தொழிலாளர் சங்கங்கள் இதைச் சொல்லி வருகின்றன. 2022 மே 19-ல் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இதைக் காதில் வாங்கிக்கொண்டது. பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, குறித்த காலத்துக்குள் விடுவிக்க வழி பார்க்கச் சொன்னது. போலீசார் அவர்களை வார்த்தையாலும் கையாலும் வதைக்காமல் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்றது. பத்திரிகைகள் அவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. ரெய்டு படங்களில் துப்பட்டாவால் முகம் மூடி நிற்கும் பெண்களை வரிசையாகப் போடும் நம் பத்திரிகைத் தொழிலுக்கும் சேர்த்துச் சொன்னது அது.

ஒடனாடியும் ஆஷோதயாவும் எதிரெதிர்த் திசையில் பார்ப்பதுபோலத் தெரியும். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணைப் பொய்சொல்லிக் கூட்டிவந்து விற்பதை இரண்டு பேருமே ஏற்கமாட்டார்கள். எங்கே ஒரு சிறுமி புதிதாக வந்திருக்கிறாள் என்று முதலில் தெரிவதும் அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்குத்தான். அவர்களை அடித்து விரட்டும் போலீசிடம் அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்? போலீசும் தொண்டு அமைப்பும் ஒத்துழைப்பது என்று பேசும்போது இந்தப் பெண்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

மீட்ட பிறகு என்ன என்ற கேள்விக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. கோயில்களில் தேவதாசிப் பணியை மைசூர் சமஸ்தானம் 1909-லேயே நிறுத்தியது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒளவை இல்லத்தைத் தொடங்கியதற்குக் காரணமே, ஒதுங்க இடமில்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்கள்தான். சட்டம் போட்டாயிற்று, இனி இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டர் தன் வீட்டு வாசலில் எதிர்கொண்டார்.

2010-ல் மைசூர் அரண்மனை முன்பு ஒடனாடியின் பிள்ளைகள் பாய் விரித்து நூற்றியெட்டு சூரிய நமஸ்காரம் செய்தார்கள். ஆள்கடத்தலுக்கு எதிராக அன்று தொடங்கிய அந்த யோகா இயக்கத்தில் பிறகு வெளிநாடுகளிலும் பலர் சேர்ந்தார்கள். தன் உடம்பு தன்னுடையது இல்லை என்று சொல்லிச்சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண், அதே உடம்பை நிமிர்த்தி, வளைத்து, மூச்சை எண்ணி ஊரின் நடுவே நிற்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். கோர்ட் வராந்தாவில் நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது. வழக்குப் பதிந்த இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். இப்போது இருப்பவருக்குக் கோப்புதான் தெரியும், மீட்கப்பட்ட பெண்ணைத் தெரியாது. அவளுக்குக் கல்யாணமாகியிருக்கலாம்; சம்மன் வீட்டுக்குப் போனால் மாமியாருக்குத் தெரிந்துவிடும். அதனால் அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் முதலில் போன் செய்து, எந்த நேரம் பேசலாம் என்று கேட்டு, பஸ் சார்ஜ் கொடுத்துக் கூட்டிவருகிறார். குற்றவாளியின் ஆட்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்கிறார்கள். இவர் நடுவில் மறைத்து உட்கார்ந்துகொள்கிறார். பன்னிரண்டு மணிக்கு வக்கீல் வரவில்லை என்று வாய்தா. அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வெறும் தேதி மட்டும், வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல், அவள் பர்ஸில் வைக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருவரும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.