முடிவு தெரியாமல் எழுதப்பட்ட விண்வெளிப் படக்கதை

ஒரு படம் வெற்றி பெற்ற பிறகு அதன் பெயரில் புத்தகமும் பொம்மையும் சட்டையும் கடைக்கு வருவது வழக்கம். ஆனால், படம் திரைக்கு வருவதற்கு முன்பே அதன் கதை படக்கதையாக அச்சேறி விற்பனைக்கு வந்தது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், மார்வல் நிறுவனம் அதன் படக்கதையின் முதல் இதழை 30 சென்ட் விலையில் வெளியிட்டுவிட்டது. அந்தத் தொடர் 1986 வரை நீடித்து, 107 இதழ்கள் கண்டது.

இன்று அந்தப் பழைய இதழ்களைப் புரட்டுபவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். திரையில் மாபெரும் நத்தையைப் போல் சரிந்து கிடக்கும் ஜாபா என்ற கொள்ளைக்காரத் தலைவன், இதில் மஞ்சள் முகத்துடன் இரண்டு காலில் நடமாடுகிறான். ஆளுயரப் பச்சை முயல் ஒன்று துப்பாக்கி ஏந்திச் சண்டை போடுகிறது. இவையெல்லாம் கவனக்குறைவால் நேர்ந்த பிழைகளா? இல்லை. கதை எங்கே போய் முடியும் என்று தெரியாத நிலையில் எழுதியவர்களும் வரைந்தவர்களும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு இவை சாட்சிகள்.

தயக்கத்தில் தொடங்கிய தொடர்

இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸின் விளம்பரப் பொறுப்பாளர் சார்ல்ஸ் லிப்பின்காட், படத்திற்கு முன்கூட்டியே ரசிகர்களைச் சேர்க்க விரும்பினார். மார்வலின் ஸ்டேன் லீயை அணுகியபோது அவர் ஆர்வம் காட்டவில்லை. விண்வெளிக் கதைகள் விற்பதில்லை என்பது அக்காலப் பதிப்பாளர்களின் எண்ணம். எழுத்தாளர் ராய் தாமஸ் பரிந்து பேசிய பிறகே காரியம் கைகூடியது. 1 லட்சம் பிரதிகள் விற்கும் வரை உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்பது ஒப்பந்தம். மார்வலுக்குப் பெரிதாக நம்பிக்கை இல்லை என்பதை இதுவே காட்டுகிறது.

நடந்ததோ வேறு. படம் பெருவெற்றி பெற்றது. முதல் இதழ் மறுபதிப்புகளையும் சேர்த்து 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1978-இல் மார்வலின் தலைமை ஆசிரியரான ஜிம் ஷூட்டர், நலிந்திருந்த நிறுவனத்தை அப்போது காப்பாற்றியது இந்தத் தொடர்தான் என்று பின்னாளில் கூறினார்.

இந்த வரவேற்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தப் படம் வீடியோ நாடாவில் வந்தது 1982-இல்தான். அதுவரை, படத்தை மீண்டும் பார்க்க விரும்பியவர்கள் திரையரங்கிற்குத்தான் போக வேண்டும். வீட்டில் வைத்து மீண்டும் மீண்டும் பார்ப்பதற்குப் படக்கதை ஒன்றே துணை.

வெட்டிய காட்சியும் ஒட்டிய கற்பனையும்

முதல் 6 இதழ்கள் படத்தின் கதையைச் சொல்கின்றன. ஓவியர் ஹோவர்ட் சேக்கின் வரையத் தொடங்கியபோது படம் முடிந்திருக்கவில்லை. திரைக்கதை, நிழற்படங்கள், மாதிரி ஓவியங்கள் ஆகியவற்றை வைத்துத்தான் அவர் வரைந்தார். அதனால், படத்தொகுப்பில் வெட்டப்பட்ட காட்சிகள் இதில் தங்கிவிட்டன. நாயகன் லூக் தன் பழைய நண்பன் பிக்ஸைச் சந்திக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. ஜாபா வரும் காட்சி மற்றொன்று. அதை ஒரு மனித நடிகரை வைத்துப் படமாக்கினர்; பிறகு நீக்கிவிட்டனர். ஜாபாவின் இறுதி உருவத்தை 1983-இல் வந்த மூன்றாம் படத்தில்தான் உலகம் பார்த்தது. 1977-இல் ஓவியருக்கு அது எப்படித் தெரியும்?

7-ஆம் இதழ் முதல் புதிய கதைகள் தேவைப்பட்டன. அடுத்த படத்தின் கதையோ மார்வலுக்குத் தெரியாது. அதைக் கெடுக்கும் எதையும் எழுதவும் அனுமதி இல்லை. ஆகவே, ராய் தாமஸ் நாயகர்களை வேறு ஒரு கிரகத்திற்கு அனுப்பினார். 8-ஆம் இதழில் ஜேக்ஸன் என்ற பச்சை முயலைக் கூட்டாளியாகச் சேர்த்தார். லூக்காஸ் தரப்புக்கு முயல் பிடிக்கவில்லை. தாமஸும் விரைவில் தொடரிலிருந்து விலகினார்.

வேலிக்குள் விளைந்த கதைகள்

அடுத்து வந்த ஆர்ச்சி குட்வின், வேலிக்குள்ளேயே விளைச்சல் காட்டினார். லூக்கும் வில்லன் டார்த் வேடரும் மோதும் கட்டத்தைத் திரைப்படத்திற்கு விட்டுவைக்க வேண்டும். குட்வின் அதையே கதையாக்கினார். தன் போர்க்கோட்டையைத் தகர்த்த விமானி யார் என்று தெரியாமல் வேடர் தேடி அலைகிறான். அந்தப் பெயர் அவனுக்குக் கிடைத்துவிடாமல் தடுக்க, 29-ஆம் இதழில் வேலன்ஸ் என்ற கூலிவேட்டைக்காரன் உயிரைக் கொடுத்துப் போராடுகிறான். வேலன்ஸ் பாதி மனிதன், பாதி எந்திரம். எந்திரங்களை வெறுத்து வந்தவன், தன்னையே வெறுத்து வந்தான் என்பதை உணர்ந்து மாறும் கதை அது. படத்தில் இல்லாத அந்தப் பாத்திரத்தைத் தொடரின் வாசகர்கள் மறக்கவில்லை.

1980-இல் வந்த இரண்டாம் படத்தின் முடிவில் ஹான் சோலோ உறைந்த நிலையில் கடத்தப்படுகிறான். அடுத்த படம் வரும் வரை அவனை மீட்கக் கூடாது. மூன்று ஆண்டுகள், முக்கிய நாயகர்களில் ஒருவன் இல்லாமலே தொடரை நடத்த வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் எழுதிய டேவிட் மிச்சலினி, எதிரிகள் இரண்டாவது போர்க்கோட்டை கட்டுவதாகக் கதை யோசித்தார். அது கூடாது என்று லூக்காஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. மூன்றாம் படத்தில் அதே கோட்டை வரவிருந்ததுதான் காரணம். மிச்சலினி கோட்டையின் உருண்டையை நீக்கிவிட்டு, பீரங்கியை மட்டும் வைத்துக் கதையை முடித்தார்.

மூன்றாம் படத்திற்குப் பிறகு நிலைமை தலைகீழானது. வில்லன் மாண்டான், போர் முடிந்தது. வெற்றிக்குப் பின் என்ன செய்வது? எழுத்தாளர் ஜோ டஃபி, புதிய ஆட்சியை அமைக்கப் பாடுபடும் நாயகர்களைக் காட்டினார். ஆயினும் படங்கள் நின்றதும் ஆர்வம் குறைந்தது. 1986-இல் தொடர் நின்றது.

2012-இல் லூக்காஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. 2014-இல், பழைய படக்கதைகளும் நாவல்களும் அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று அறிவித்து, அவற்றுக்குப் 'பழங்கதைகள்' என்ற பொருளில் தனிப்பெயர் சூட்டினர். ஒன்பது ஆண்டு உழைப்பு ஓர் அறிவிப்பில் ஒதுங்கியது. ஆனால் வாசகர்கள் ஒதுக்கிவிடவில்லை. வேலன்ஸ் புதிய கதைகளில் மறுபிறவி எடுத்தான். 2019-இல் மார்வல், 33 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, பழைய தொடரின் 108-ஆம் இதழ் என்றே எண்ணிட்டு ஓர் இதழை வெளியிட்டது. அதில் வேலன்ஸ் மட்டுமல்ல, லூக்காஸ் தரப்புக்குப் பிடிக்காத அந்தப் பச்சை முயலும் திரும்பி வந்தது.