சீனி சேராத சீன இனிப்பு

தென்சீனக் குவாங்டொங் மாகாணத்தாரும் ஹொங்கொங் மக்களும் உணவின் பின் அருந்தும் இனிப்பு ரசத்துக்குத் 'தோங் சுயி' என்று பெயர். சீனிநீர் என்பது அதன் பொருள். ஆயினும், சீனி சேராமலே அதனை நாம் வீட்டில் ஆக்கலாம்.

அரைக்கிலோ வற்றாளங்கிழங்கைத் தோல்சீவித் துண்டுகளாக்குவோம். விதை நீக்கிய செவ்விலந்தை வற்றல் 10, தட்டிய இஞ்சித் துண்டொன்று ஆகியவற்றுடன் ஒன்றரை லீற்றர் நீரிலிட்டு, மெல்லிய தீயில் 30 நிமிடம் அவிப்போம். கிழங்கின் இனிமையும் பழத்தின் இனிமையும் நீரில் இறங்கிவிடும். நால்வர் அருந்தப் போதும். செவ்விலந்தை சீனக் கடைகளில் கிடைக்கும். நம்மூர் இலந்தையின் உறவே அது.

இயற்கை இனிப்பாயினும் அதுவும் இனிப்பே. ஆகவே நீரிழிவுள்ள பெரியோர் சிறு கிண்ணத்துடன் நிறுத்துதல் நன்று. சிறுவருக்கோ, குளிர்கால மாலைகளில் போத்தற் பானத்தினும் இதுவே மேல்.