பழைய வால்வுக்கு ஏன் இந்த விலை?

தம்போயில் ஏதாவது ஒரு பழைய வீட்டில், துணி போர்த்தியபடி தாத்தா காலத்து வால்வு ரேடியோ இன்னும் உட்கார்ந்திருக்கலாம். திருகியவுடன் பாடாது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறிய பிறகுதான் குரல் வரும். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்த வால்வுகள் மீதுதான் கண்.

இசிசி83 என்ற ஒரே ரக வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மலிவாகக் கிடைக்கும். இன்னொன்றுக்குப் பல மடங்கு கேட்பார்கள். கேட்டால், “உள்ளே தகடு நீளம், கெட்டர் சதுரம்” என்பார் விற்பவர்.

கெட்டர் என்பது பேரியம் தடவிய சிறு சட்டம். வால்வுக்குள் மிஞ்சிய வாயுவை உறிஞ்சுவது அதன் வேலை. கண்ணாடி உச்சியில் தெரியும் வெள்ளிப் பூச்சு அதிலிருந்து வந்ததுதான். அது பால் நிறமாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு பெரிய பெயர் அச்சிட்டிருந்தாலும் குப்பைதான். ஆனால் சட்டம் சதுரமா வட்டமா என்பதைக் காது கண்டுபிடிக்காது. அது வால்வின் வயதைத்தான் காட்டும். முல்லார்டின் 1950களின் இசிசி83இல் நீளத் தகடு. பின்னால் வந்தவற்றில் குட்டை. நீளத் தகடு அதிர்வுக்குச் சற்று இளகியது. விரலால் தட்டினால் ஒலிபெருக்கியில் ‘டிங்’ என்று கேட்கலாம். அதற்குத்தான் கூடுதல் விலை!

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. அச்சு அழியும், புதிதாகவும் போடலாம். டெலிஃபங்கன் தன் ஆலையில் செய்த வால்வுகளின் அடியில், ஊசிகளுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வைர வடிவம் பதித்தது. முல்லார்டின் கண்ணாடியில் பொறித்த குறியீட்டில் ‘பி’ இருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை. சேகரிப்பவர் இந்த அடையாளத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

பாட்டுக் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது; முல்லார்டின் மவுசு அந்தப் பெயருக்கு இல்லை. இசிசி83 இன்றும் சுலோவாக்கியாவில் புதிதாகத் தயாராகிறது. எதை வாங்கினாலும் டெஸ்டரில் அளந்த கணக்கைக் கேளுங்கள். இதில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள். இரண்டின் அளவும் வேண்டும். அளவு தராமல் தகட்டின் நீளத்தை மட்டும் பேசுபவருக்கு நான் அதிகம் கொடுக்க மாட்டேன்.

தாத்தாவின் ரேடியோவை அவசரப்பட்டு மின்சாரத்தில் சொருகவும் வேண்டாம். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பழைய கெப்பாசிட்டர்களை ரிப்பேர் தெரிந்தவர் முதலில் பார்க்கட்டும்.