டென்னிஸ் ஃபரீனா: நாலு சீன் நடிகரின் வேலை பற்றிச் சில குறிப்புகள்

முதலில் ஒரு சொல் சிக்கல். 'துணை நடிகர்' என்று எழுதினால் நம்ம ஊரில் கூட்டத்தில் நிற்பவர், கல்யாணப் பந்தியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்று அர்த்தமாகிவிடுகிறது. பெயரும் வசனமும் நாலு சீனும் உள்ளவரைக் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். இந்தக் குறிப்பு இரண்டாவது வகை ஆளைப் பற்றியது.

அமெரிக்க க்ரைம் படங்கள் பார்க்கிறவர்களுக்கு டென்னிஸ் ஃபரீனாவின் முகம் தெரிந்திருக்கும், பேர் தெரியாமல் இருக்கலாம். தடித்த மீசை, நரைத்த தலை, நல்ல தையலில் ஒரு சூட், அழுத்தமான சிகாகோ உச்சரிப்பு. 1944 பிப்ரவரி 29 அன்று சிகாகோவில் பிறந்தார். 1967 முதல் 1985 வரை, 18 வருஷம், அந்த நகரத்துப் போலீசில் வேலை பார்த்தார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நிஜ போலீஸ்காரர்ப்பா, அதான் அவ்வளவு இயல்பா இருக்கார்."

இது பாதி உண்மை என்பது என் எண்ணம். மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். (கதை முடிவுகள் சிலவும் வரும், படம் பார்க்காதவர்கள் கவனம்.)

தொடக்கம் மைக்கேல் மான் இயக்கிய 'தீஃப்' (1981). ஜேம்ஸ் கான் பெட்டக உடைப்புத் திருடன். ஃபரீனா அதில் கும்பல் தலைவனின் அடியாள், சின்ன வேடம். அதே படத்தில் லஞ்சம் கேட்டு மிரட்டும் போலீஸ்காரராக வருபவர் ஜான் சாண்டுச்சி. இவர் நிஜத்தில் முன்னாள் திருடர், படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும்கூட. அதாவது போலீஸ்காரர் ரவுடியாக, திருடர் போலீசாக. மான் வேண்டுமென்றே மாற்றிப் போட்டாரா தெரியாது, ஆனால் திரையில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு பேரும் எதிர்த் தரப்பு ஆட்களைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். தன்னைத் தானே நடிப்பதைவிட, தான் கவனித்த ஆளை நடிப்பது சுலபமோ என்று தோன்றும்.

ஃபரீனா உடனே போலீஸ் வேலையை விட்டுவிடவில்லை. அடுத்த சில வருஷம் வேலையில் இருந்துகொண்டே சிகாகோ மேடைகளில் நடித்தார், ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவிலும் சேர்த்து. 'நிஜ போலீஸ்' கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். மேடையில் சீருடை அனுபவம் பெரிதாக உதவாது. கடைசி வரிசைக்குக் குரல் போகவேண்டும், அவ்வளவுதான்.

1986 முக்கியமான வருஷம். மானின் 'மேன்ஹன்டர்' படத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜாக் க்ராஃபோர்ட். இந்தப் பாத்திரத்தைத் திரையில் முதலில் செய்தவர் இவர்தான். 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' (1991) படத்தில் ஸ்காட் க்ளென் வருவது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. ஆரம்பக் கடற்கரைக் காட்சியைக் கவனியுங்கள். மனம் உடைந்து வேலையை விட்டுப் போன வில் க்ரஹாமை மறுபடி வழக்குக்குள் இழுக்க வேண்டும். கதைப்படி க்ராஃபோர்டின் வேலை தகவல் சொல்வது மட்டும்தான். ஃபரீனா அதைக் குரல் உயர்த்தாமல், நண்பனிடம் கடன் கேட்க வந்தவர் மாதிரி சொல்கிறார், கொலையான குடும்பங்களின் புகைப்படங்களைக் காட்டுகிறார். அக்கறை உண்மைதான், ஆளைப் பயன்படுத்திக்கொள்கிறார் என்பதும் உண்மைதான். ரெண்டும் ஒரே முகத்தில் தெரிகிறது. நாலு சீன் நடிகரின் முதல் வேலை இதுதான்: வெறும் தகவலாகப் போயிருக்கவேண்டிய வசனத்தை உறவாக மாற்றுவது.

அதே வருஷம் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'க்ரைம் ஸ்டோரி' தொடங்கியது. 1960களின் சிகாகோ, பிறகு லாஸ் வேகஸ். லெஃப்டினன்ட் மைக் டொரெல்லோவாக இவரே நாயகன். ரெண்டு சீசனில் முடிந்தது. அதற்குப் பின் பெரும்பாலும் பக்க வேடங்கள்தான். என் பார்வையில் நல்ல வேலைகளும் அங்கேதான்.

'மிட்நைட் ரன்' (1988) எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் டி நீரோ முன்னாள் சிகாகோ போலீஸ்காரர். லஞ்சம் வாங்க மறுத்ததால் ஊரைவிட்டே துரத்தப்பட்டவர். துரத்தியவன் ஜிம்மி செரானோ என்கிற கும்பல் தலைவன். அந்த செரானோ யார்? நிஜ முன்னாள் சிகாகோ போலீஸ்காரரான ஃபரீனா! படத்தில் அவருக்குப் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் இருந்து, பல சமயம் போனில், கையாட்களைத் திட்டுவதுதான் வேலை. திட்டு ஒவ்வொன்றும் சிரிப்பு வரவழைக்கும். ஆனால் அவர் ஒரு தடவைகூட காமெடி பண்ணுவதாகக் காட்டிக்கொள்வதில்லை. செரானோ நிஜமாகவே கொல்லக்கூடியவன் என்று நாம் நம்பவேண்டும். நம்பாவிட்டால் டி நீரோவும் சார்லஸ் க்ரோடினும் நாடு முழுக்க ஓடுவது வெறும் ஊர் சுற்றலாகிவிடும். ரெண்டாவது வேலை இது: தான் இல்லாத காட்சிகளிலும் பயமாக இருப்பது.

'கெட் ஷார்ட்டி' (1995) படத்தில் ரே போன்ஸ். தான் புத்திசாலி என்று நினைக்கும் முட்டாள். ஜான் ட்ரவோல்டாவின் தோல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மூக்குடைபடுகிறார். கடைசியில் படத்துக்குள் வரும் படத்தில் போன்ஸ் வேடத்தில் ஹார்வி கைட்டல் வருவார். அதே கைட்டல் 2002இல் 'ரெட் டிராகன்' படத்தில் க்ராஃபோர்டாகவும் வந்தார். ஃபரீனா செய்த ரெண்டு பாத்திரங்களை ஒரே ஆள் தொட்டிருக்கிறார். தற்செயல்தான், ஆனாலும் என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

'அவுட் ஆஃப் சைட்' (1998) படத்தில் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் துப்பாக்கி கொடுக்கும் அப்பா. 'ஸ்னாட்ச்' (2000) படத்தில் வைரத்தைத் தேடி லண்டனுக்குப் பறந்து வந்து இங்கிலாந்தையே வெறுக்கும் நியூயார்க் நகைக்கடைக்காரர். இந்த ரெண்டிலும் போலீஸ் பயிற்சி எங்கே வருகிறது? துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, ஒரு அறைக்குள் எப்படி நுழைவது என்பதை வேலை கற்றுக்கொடுத்திருக்கலாம். வசனத்தை எந்த நொடியில் நிறுத்தினால் அரங்கு சிரிக்கும் என்பதை எந்தக் காவல் நிலையமும் கற்றுக்கொடுக்காது. 'இயல்பா இருக்கார்' என்று நாம் பாராட்டும்போது அந்த உழைப்பை ஒரேயடியாக அழித்துவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அது இன்னும் முக்கியம். 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் 2004 முதல் 2006 வரை ரெண்டு சீசன் துப்பறியும் அதிகாரி ஜோ ஃபொன்டானா. பன்னிரண்டு சீசன் ஓட்டிய ஜெர்ரி ஆர்பாக்கின் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அந்தத் தொடரில் முதல் பாதி போலீஸ், மறுபாதி நீதிமன்றம். சொந்த வாழ்க்கையைக் காட்ட நேரமே கிடையாது. அதனால் விலையுயர்ந்த சூட், பாக்கெட்டில் நோட்டுக் கட்டு, நல்ல கார் என்று சில பொருள்களிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒரு எபிசோடில், கடத்தப்பட்ட சிறுமி எங்கே என்று கேட்டு, பிடிபட்டவன் தலையைக் கழிப்பறைத் தொட்டிக்குள் அமுக்குவார். நமக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டதால் அதையும் ஏற்றுக்கொள்கிறோம். "நிஜ போலீஸ், அவருக்குத் தெரியாததா?" என்ற எண்ணம் அங்கே வேலை செய்கிறது.

அந்த நிஜ சிகாகோவில் என்ன நடந்தது? ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருடைய ஆட்களும் 1970களில் இருந்து 1991 வரை கைதிகளைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1993இல் பர்ஜ் வேலையை இழந்தார், 2010இல் பொய்ச் சாட்சி சொன்ன வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2015இல் நகரம் 55 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. இது ஃபரீனா மீதான குற்றச்சாட்டு அல்ல. திரையில் அடித்தால் உண்மை வரும், சிறுமி கிடைப்பாள். நிஜத்தில் அடித்தபோது செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். அவருடைய நடிப்பை நடிப்பு என்றே வைத்துக்கொள்ளணும்னு நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். நிஜம் என்று எடுத்துக்கொண்டால், எழுத்தாளர் அறையில் உட்கார்ந்து எழுதிய வசதியான ஒரு முடிவையும் சேர்த்து நிஜம் என்று நம்பிவிடுவோம்.

கடைசிப் பெரிய வேலை ஹெச்.பி.ஓ.வின் 'லக்' (2011-12). டஸ்டின் ஹாஃப்மன் சிறையில் இருந்து வெளியே வந்த பெரும்புள்ளி, ஃபரீனா அவருடைய டிரைவர் கஸ். முதலாளிக்குத் தண்டனைப் பதிவு இருப்பதால், பந்தயக் குதிரை காகிதத்தில் கஸ் பெயரில் இருக்கும். இரவில் ஓட்டல் அறையில் ரெண்டு வயசான ஆண்கள் அன்றைய நாளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். மிரட்டல் கிடையாது, கேலி கிடையாது, கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான். தயாரிப்பில் மூன்றாவது குதிரையும் இறந்ததால் 2012 மார்ச்சில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். ஒன்பது எபிசோடுகள்தான் உண்டு. 2013 ஜூலை 22 அன்று, 69 வயதில், நுரையீரலில் ரத்தம் உறைந்து ஃபரீனா காலமானார்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: முதலில் 'மிட்நைட் ரன்', அடுத்து 'மேன்ஹன்டர்', பிறகு 'லக்'. ஒரே ஆள் பயமுறுத்துவதையும், இழுப்பதையும், கேட்பதையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். 'தீஃப்' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஓரமாக நிற்கும் அந்த அடியாளை அப்போது உங்கள் கண் தானாகவே தேடும்.