வீட்டுக் கணினியும் மேகக் கணினியும்



பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கவேண்டும் என்று பட்டணத்துக் கடைக்குச் செல்லும் பெற்றோர் இன்று இரண்டு வகைப் பொறிகளைக் காண்கிறார்கள். ஒன்று, நாம் நெடுங்காலமாக அறிந்த வீட்டுக் கணினி. மற்றொன்று, பார்வைக்கு அதைப் போலவே திரையும் விசைப்பலகையும் கொண்டு, விலையிலும் எடையிலும் குறைந்த மடிக்கணினி. "இதில் எதையும் சேமித்து வைக்க வேண்டியதில்லை, எல்லாம் மேகத்தில் இருக்கும்" என்கிறார் கடைக்காரர். மேகம் என்பது என்ன? அது வீட்டுக் கணினியின் இடத்தை முற்றாகப் பிடித்துக்கொள்ளுமா? சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் எதை நம்பிப் பணம் போடுவது? இவற்றையே இன்றைய உரையில் ஆராய்வோம்.

முதலில், கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணக்குப் போடுவதற்குச் செயலி உண்டு. செய்துகொண்டிருக்கும் வேலையைத் தாங்குவதற்கு நினைவகம் உண்டு. முடிந்த வேலையைப் பத்திரமாக வைப்பதற்கு வன்தட்டு உண்டு. இவற்றுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுப்பது இயங்குதளம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நின்று, இன்னார் இந்த நிரைக்குப் போகவேண்டும், இன்னார் அந்த மலைக்குப் போகவேண்டும் என்று மண்டோர் ஆள் பிரிக்கிறார் அல்லவா? அந்த மண்டோரின் வேலையைத்தான் கணினிக்குள் இயங்குதளம் செய்கிறது. விண்டோஸ் என்பது அப்படிப்பட்ட ஓர் இயங்குதளம்.

வீட்டுக் கணினியில் மண்டோரும், ஆட்களும், கிடங்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள். மேக முறையிலோ, இவற்றுள் சிலவோ பலவோ நம் வீட்டைவிட்டு வெளியேறி, வேறோர் இடத்திலுள்ள பெரிய கணினிகளுக்குச் சென்றுவிடுகின்றன. நம் கையில் மிஞ்சுவது திரையும், விசைப்பலகையும், ஓரளவு ஆற்றலும் மட்டுமே. இரண்டு இடங்களையும் இணைப்பது இணையம்.

மேகம் என்ற சொல் அழகானதே. ஆயினும் அது வானத்தில் இல்லை. அது ஒரு கட்டடம். ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக நிற்கும், இரவு பகலாகக் குளிரூட்டப்படும், மின்சாரத்தையும் நீரையும் ஏராளமாக உட்கொள்ளும் கட்டடம். அதைத் தரவு மையம் என்கிறோம். சிங்கப்பூரில் பல உண்டு. அண்மை ஆண்டுகளில் ஜொகூரிலும் பல எழுந்துள்ளன. அமேசான் நிறுவனம் தன் மேகச் சேவைக்கான மலேசிய மையங்களை 2024 ஆகஸ்டில் திறந்தது. ஆகவே, 'மேகத்தில் இருக்கிறது' என்றால், 'மற்றொருவரின் கட்டடத்தில், மற்றொருவரின் கணினியில் இருக்கிறது' என்றே பொருள் கொள்ளவேண்டும்.

இந்த எண்ணம் புதியதா? இல்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு, ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போலக் கணிப்பாற்றலும் ஒருநாள் பொதுச் சேவையாக வரக்கூடும் என்று பேசினார். அக்காலத்தில் கணினி யானை விலை விற்றது. பங்கிட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பின்னர் 1970களின் இறுதியிலும் 1980களிலும் சிறு கணினிகள் வந்து, ஆளுக்கொரு பெட்டி என்ற நிலை பிறந்தது.

1990களின் நடுவில் ஆரக்கிள் நிறுவனத் தலைவர் லாரி எலிசன், வன்தட்டே இல்லாத மலிவான 'வலையக் கணினி' வீட்டுக் கணினியை வீழ்த்திவிடும் என்றார். அது நடக்கவில்லை. அன்றைய இணைய இணைப்பு ஆமை வேகத்தில் இருந்தது. மறுபக்கம் வீட்டுக் கணினியின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. பெட்டியின் திறமையைவிட, பாதையின் தரமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பாதை அகன்ற பிறகு எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. கூகுள் நிறுவனம் குரோம் இயங்குதளத்தை 2009இல் அறிவித்தது. அதில் ஓடும் குரோம்புக் என்னும் மடிக்கணினிகளை 2011 ஜூனில் சாம்சங், ஏசர் நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டுப் பள்ளிகளும் இதில் பின்தங்கிவிடவில்லை. மலேசியாவின் மாணவர், ஆசிரியர், பெற்றோர் என 1 கோடிப் பேருக்குத் தன் மேகச் சேவை செல்லவிருப்பதாகவும், பள்ளிகளுக்குக் குரோம்புக்குகள் வருவதாகவும் 2013 ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். குரோம்புக்கில் மண்டோர் நம் பெட்டிக்குள்தான் இருக்கிறார். கிடங்கும் பெரும்பாலான வேலையுமே வெளியில் இருக்கின்றன. இதைவிட ஒருபடி மேலே செல்லும் முறையும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021 ஆகஸ்டில் நிறுவனங்களுக்காகத் தொடங்கிய விண்டோஸ் 365 என்னும் சேவையில் விண்டோஸ் முழுவதுமே தரவு மையத்தில் ஓடுகிறது. நம் திரைக்கு வருவது அதன் படம் மட்டுமே. நாம் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்தச் செய்தி அங்கே போகிறது. அங்கே எழுத்து பதிகிறது. மாறிய திரையின் படம் இங்கே திரும்பி வருகிறது.

அவ்வளவு தூரம் போய் வரத் தாமதமாகாதா என்று கேட்கலாம். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்கே போதும். ஆகவே தூரம் பெரிய தடையன்று. வழியிலுள்ள நெரிசலும், கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் அலையின் பலவீனமுமே பெரும்பாலும் தாமதத்திற்குக் காரணம்.

இனி நன்மைகளைக் காண்போம். முதலாவது, பெட்டி போனாலும் வேலை போகாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ வீடுகளின் பொருள்கள் நீரில் மூழ்கின. வன்தட்டில் மட்டும் இருந்த படங்களும் பத்திரங்களும் அப்படிப்பட்ட நேரத்தில் பொறியோடு போய்விடும். மேகத்தில் வைத்தவரோ வேறொரு பொறியில் தம் கடவுச்சொல்லைத் தட்டி எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். இரண்டாவது, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே பொறியை மூவரும் ஆளுக்கொரு கணக்கில் பயன்படுத்தலாம். ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு கலக்காது. மூன்றாவது, கனமான வேலை வெளியில் நடப்பதால் எளிய பொறியே போதுமானது. இவை ஏழைக் குடும்பத்திற்குச் சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தோட்டத்து லயங்களில் முன்பு கிணறும் இருந்தது; பிறகு குழாயும் வந்தது. குழாய் வசதியானது. இறைக்கவேண்டாம், தூர் வாரவேண்டாம். ஆனால் திறக்கும் நேரத்தையும் அடைக்கும் நேரத்தையும் முடிவு செய்வது குழாய்க்கு உரியவரே. குழாய் வரண்ட நாளில் கிணற்றின் அருமை தெரிந்தது. வீட்டுக் கணினி கிணறு. மேகக் கணினி குழாய். இந்த ஒப்புமையை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதற்கேள்வி: குழாயில் தண்ணீர் வருமா? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வியின் கூர்மை நாடு முழுவதும் தெரிந்தது. சபாவில் ஒரு மாணவி இணையம் கிடைப்பதற்காக மரத்தின்மேல் தங்கித் தேர்வு எழுதிய செய்தியை நாம் மறக்க முடியாது. செம்பனை சூழ்ந்த பள்ளங்களிலும் மலையடிவாரத்து வீடுகளிலும் அலை எட்டாத மூலைகள் இன்றும் உண்டு. இணைப்பு இருந்தாலும் அதற்கு விலை உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். திரையின் படம் வந்துசேர விநாடிக்கு 3 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்திற்கு 3,600 விநாடி. பெருக்கினால் 10,800 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால், 8ஆல் வகுத்தால் 1,350 மெகாபைட். ஒரு பிள்ளை நாளொன்றுக்கு 2 மணி நேரம், மாதம் 20 நாள் படித்தால் 54,000 மெகாபைட், அதாவது 54 கிகாபைட் ஆகிறது. கைப்பேசிக்கு முன்பணம் கட்டி அளவோடு டேட்டா வாங்கும் குடும்பம் இதைத் தாங்குமா? அதே பிள்ளை வீட்டுக் கணினியில் கட்டுரையை எழுதி முடித்து, ஆசிரியருக்கு அனுப்ப மட்டும் இணையத்தை நாடினால், மிகக் குறைந்த டேட்டாவே செலவாகும்.

இரண்டாம் கேள்வி: குழாயின் மறுமுனையில் பழுது நேர்ந்தால் என்ன ஆகும்? 2020 டிசம்பர் 14ஆம் நாள், நம் நாட்டு நேரம் இரவு 8 மணியளவில், கூகுளின் மின்னஞ்சல், கோப்புக் கிடங்கு முதலிய சேவைகள் உலகெங்கும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தடைப்பட்டன. கணக்கின் உரிமையாளர் யார் என்று சரிபார்க்கும் பகுதியில் ஏற்பட்ட கோளாறே காரணம். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒரு தரவு மையம் தீப்பற்றியது. வேறிடத்தில் இன்னொரு படி வைத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் சிலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். மேகமும் எரியும் என்பதை அன்று பலர் கண்டார்கள்.

மூன்றாம் கேள்வி: குழாய்க்காரர் மனம் மாறினால் என்ன செய்வது? மேகச் சேவை என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடியலாம்; கட்டணம் கூடலாம். நம் பள்ளிகளில் பயன்பட்ட ஃபிராக் கற்றல் தளம் 2019இல் முடிவுக்கு வந்து, கூகுளின் வகுப்பறைத் தளம் அதன் இடத்திற்கு வந்தது. 2020இல் கல்வி அமைச்சின் டெலிமா தளம் தொடங்கப்பட்டது. தளம் மாறுந்தோறும் ஆசிரியரும் மாணவரும் புதிதாகப் பழகவேண்டியதாயிற்று. குரோம்புக்குக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. 10 ஆண்டுகள் வரை புதுப்பிப்புத் தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. அது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கு, பொறியின் உள்ளமைப்பு முதன்முதலில் வெளிவந்த காலத்திலிருந்து தொடங்குகிறதே அன்றி, நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. வீட்டுக் கணினிக்கும் இந்த விதி உண்டு என்பதை மறைக்கக்கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. ஆனால் அதில் ஓடிய பொறி மறுநாள் நின்றுவிடவில்லை. பாதுகாப்புக் குறைந்தாலும், உள்ளே இருந்த கோப்புகள் உரியவர் கையிலேயே இருந்தன.

அப்படியானால், மேகக் கணினி வீட்டுக் கணினியை வெல்லுமா? கட்டுரை எழுதுதல், பாடம் கேட்டல், கடிதம் அனுப்புதல் போன்ற வேலைகளில், நல்ல இணைப்புள்ள இடங்களில், அது பெரும்பாலும் வென்றுவிட்டது என்றே சொல்லவேண்டும். இணைப்புத் தள்ளாடும் இடத்தில் அது வெல்லவில்லை. நீண்ட காணொளியைத் தொகுத்தல் போன்ற பெருங்கோப்பு வேலைகளிலும் வீட்டுப் பெட்டியே பல வேளைகளில் கைகொடுக்கிறது. ஆகவே, 'எது வெல்லும்?' என்று கேட்பதைவிட, 'நம் வேலையில் எதை வெளியில் ஒப்படைக்கலாம், எதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்?' என்று கேட்பதே அறிவுடைமை.

பெற்றோர் கவனத்திற்குச் சில சொற்கள். கணினி வாங்குமுன், பிள்ளை உட்கார்ந்து படிக்கும் அதே மூலையில், அது படிக்கும் அதே மாலை நேரத்தில் இணைப்பு எப்படி இருக்கிறது என்று கைப்பேசியைக் கொண்டு பாருங்கள். குரோம்புக் வாங்குவதானால், அதன் புதுப்பிப்பு எந்த ஆண்டில் முடிகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய பொறிகளில் இதை மறவாமல் கேட்கவேண்டும். இணையம் இல்லாத வேளையிலும் எழுதுவதற்கான வசதி குரோம்புக்கில் உண்டு. ஆனால் அதை முன்னதாகவே அமைத்து வைக்கவேண்டும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியை அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். 2022இல் கூகுள் வெளியிட்ட குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி, பழைய பொறிகள் பலவற்றுக்கு மறுவாழ்வு தரலாம். பொருத்தமான பொறிகளின் பட்டியலை முதலில் பார்க்கவேண்டும். வன்தட்டிலுள்ளவை அழிந்துவிடுமாதலால், வேண்டிய கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

மாணவ மணிகளுக்கு ஒரு சொல். உங்கள் உழைப்பின் ஒரு படி மேகத்தில் இருக்கட்டும். மறுபடி உங்கள் வீட்டில், ஒரு பென் டிரைவிலாவது இருக்கட்டும். பெட்டி பழுதானால் மேகம் காக்கும். மேகம் மறைந்தால் பென் டிரைவ் காக்கும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, அம்மாவிடமோ அப்பாவிடமோ பத்திரமாகக் கொடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால், கிடங்கு நிறைய நெல் இருந்தும் பயனில்லை.

குழாய் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றை அவசரப்பட்டு மூடவேண்டாம். கிணறு இருக்கிறது என்பதற்காகக் குழாயை வேண்டாம் என்று தள்ளவும் வேண்டாம். இரண்டின் இயல்பையும் அறிந்து அளவோடு பயன்படுத்துவோம்.