உப்பில் மறந்துபோன பங்காளி

1979-ம் ஆண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகர மருத்துவர்களிடம் வந்த சில கைக்குழந்தைகளுக்கு ஒரே மாதிரித் தொந்தரவு. பால் குடிக்க மறுத்தன, எடை ஏறவில்லை, உடம்பு துவண்டு கிடந்தது. ரத்தத்தில் காரத்தன்மை கூடி, பொட்டாசியம் குறைந்திருந்தது. விடாமல் வாந்தி எடுத்த குழந்தையின் ரத்தம்தான் இப்படி இருக்கும். ஆனால், வாந்தி காரணமாகத் தெரியவில்லை. சிறுநீரிலோ குளோரைடு இல்லை என்றே சொல்லலாம். விசாரித்தால், எல்லாம் குடித்தது நியோ-முல்-சாய் என்ற ஒரே சோயா புட்டிப்பால்.

முந்தைய ஆண்டுதான் அந்தப் பாலில் சமையல் உப்பு சேர்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். குழந்தைக்கு எதற்கு இவ்வளவு உப்பு, பின்னாளில் ரத்தக்கொதிப்பு வருமே என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. பயம் சோடியத்தின் மேல். கூடவே போனது குளோரைடு. எடையில் பார்த்தால் உப்பில் 60 சதவீதம் குளோரைடுதான். பழி, புகழ் இரண்டும் சோடியத்துக்கே போய்விடுவதால் இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ரத்தத்தில் சோடியத்தின் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்டும் எதிர்மின் அயனிகளில் முதலிடம் குளோரைடுக்கு. லிட்டருக்குச் சுமார் 96 முதல் 106 மில்லிமோல் இருக்கும். அது குறைந்தால் அந்த இடத்தில் பைகார்பனேட் வந்து உட்காரும், ரத்தம் காரமாகும். மிகுந்த பைகார்பனேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு பைகார்பனேட்டை வெளியே விட, பதிலுக்கு ஒரு குளோரைடை அது உள்ளே இழுக்க வேண்டும். சிறுநீரில் குளோரைடே இல்லையென்றால் பண்டமாற்று நடக்காது. இதற்கிடையில் பொட்டாசியமும் சிறுநீரோடு போய்விடும்.

அந்தப் பால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1980-ல் குழந்தைப் பால் உணவுக்கென்றே அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. 100 கலோரிக்குக் குறைந்தது 55 மில்லிகிராம் குளோரைடு என்பது இன்று அங்கே விதி.

சரி, வாந்தி எடுத்தாலும் ரத்தம் ஏன் இப்படி ஆகிறது? இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ப்ரௌட் காட்டி இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. வாந்தியில் வீணாவது அந்தக் குளோரைடுதான்.

சாம்பாரும் ஊறுகாயும் சாப்பிடும் நமக்குச் சாப்பாட்டில் குளோரைடு பற்றாக்குறை வர வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான 5 கிராம் உப்பிலேயே 3 கிராம் குளோரைடு கிடைத்துவிடும். உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். ஓயாத வாந்திக்காரர்களும், நீர் மாத்திரை போடுபவர்களும்தான் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம், பொட்டாசியத்துக்குக் கீழே இருக்கும் மூன்றாவது வரியையும் பார்க்க வேண்டும்.

குளோரைடு கூடினாலும் வம்புதான். ஆஸ்பத்திரியில் 'என்.எஸ்.' என்று ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு, அதாவது ரத்தத்தில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. வாந்தியில் துவண்டவருக்கு அது அருமருந்து. பாட்டில் பாட்டிலாக ஏறினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். நிறைய திரவம் ஏற்ற வேண்டிய பல நோயாளிகளுக்கு, 109 மில்லிமோல் மட்டுமே உள்ள 'ஆர்.எல்.' (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலை மருத்துவர்கள் மாட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.